பழைய காரில் புதிய ஸ்டீரியோ: கேள்விகளும் பதில்களும்

கார் மின்வேலையில் 22 ஆண்டுகளைக் கழித்தவன் நான். தங்கள் பழைய காரில் தாங்களே ஸ்டீரியோ மாற்ற விரும்புவோர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே விடை எழுதுகிறேன்.

சேலம்: 2004ஆம் ஆண்டு மாருதி 800 வைத்திருக்கிறேன். கேசட் செட்டைக் கழற்றிவிட்டு புளூடூத் செட் பொருத்த வேண்டும். பழைய கப்ளரை (ஒயர்களைச் செட்டோடு சேர்க்கும் பிளக்கை) யாரோ முன்பே வெட்டிவிட்டார்கள். தொங்கும் ஒயர்களின் நிறங்கள் புதிய செட்டின் நிறங்களோடு பொருந்தவில்லை. எதை எதனுடன் இணைப்பது?

புதிய செட்டின் பின்னால் வரும் ஒயர்களில் மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரத்துக்கும், சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் (காரின் உலோகப் பாடிக்கும்) உரியவை. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் ஸ்பீக்கர் ஒயர்கள். அவற்றில் கறுப்புக் கோடு போட்டவை நெகட்டிவ். இந்த வழக்கம் செட்டுக்குத்தான் பொருந்தும். கார்ப் பக்கத்து நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அதோடு இருபது ஆண்டுகளில் இரண்டு மூன்று பேர் கைவைத்த ஒயரில் எந்த நிறம் எங்கே போகிறது என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

சாவியை எடுத்த நிலையில் எந்த ஒயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறதோ, அதுவே மஞ்சளுக்கு இணை. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் எதில் 12 வோல்ட் வருகிறதோ, அது சிவப்புக்கு இணை. இவ்விரண்டும் இடம் மாறினால், காரை நிறுத்தும்போதெல்லாம் செட் தன் நினைவிலிருக்கும் நிலையங்களை மறந்துவிடும். அளந்து குறித்துக்கொண்ட பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் இணைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயர்களில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பழைய செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவைக் காரின் பாடியோடு சேர்த்துவிடுவார்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களிலும் பேட்டரி வோல்டேஜில் ஏறத்தாழப் பாதி நிற்கும், ஆகவே இரண்டில் எதுவும் பாடியைத் தொடக் கூடாது. தொட்டால் செட்டில் ஸ்பீக்கரை இயக்கும் சில்லான அவுட்புட் ஐசி எரிந்துபோகக்கூடும். பழைய ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்பதை மீட்டரில் பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை ஒயரைப் புதிதாக இழுங்கள்.

திருநெல்வேலி: இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

போதாது. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை இளகி, சுற்று தானாகவே பிரிந்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், அல்லது ஒயரை அழுத்தி நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பியைச் சரியான அளவில் பயன்படுத்துங்கள்.

கோயம்புத்தூர்: என் சான்ட்ரோவுக்கு வாங்கியிருக்கும் செட்டின் பெட்டியில் 4×50 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதற்குமேல் ஆம்ப்ளிஃபயர் தேவையா?

அந்த 50 வாட்டை நீங்கள் கேட்கப்போவதில்லை. எஞ்சின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்டேஜில் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய உச்ச அளவு, 14.4ஐ 14.4ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது, அதாவது ஏறத்தாழ 26 வாட். டிரான்சிஸ்டரில் போகும் இழப்பைக் கழித்தால் 20 வாட்டை ஒட்டி நிற்கும். சிறிய காருக்கு அதுவே தாராளம். சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்க நினைத்தால் மட்டும் ஆம்ப் வாங்குங்கள்.

மீண்டும் கோயம்புத்தூர்: நிறுவனம் பொய்யாகவா அச்சிடும்? டிக்கியில் வைக்கும் ஆம்ப் மட்டும் அதே 12 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான வாட் கொடுக்கிறதே.

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். டிக்கியில் வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் வோல்டேஜை உயர்த்தும் பகுதி ஒன்று தனியாக உண்டு. 12 வோல்ட்டை வாங்கி அதைவிட மிகுதியான வோல்டேஜாக மாற்றிக்கொண்டுதான் அது ஸ்பீக்கரை இயக்குகிறது. டேஷ்போர்டில் அமரும் சாதாரண செட்டில் அதற்கு இடமில்லை. பெட்டியில் உள்ள 50 எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கிலேயே காணலாம்: 14.4ஐ 14.4ஆல் பெருக்கி எட்டுக்குப் பதிலாக நான்கால் வகுத்தால் 51.8 வருகிறது. ஒலியலை முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுர வடிவமாகிவிட்ட நிலையில் கிடைக்கும் எண் இது. அந்த நிலையில் பாட்டு கரகரக்கும், உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் சூடேறிப் போகும். எனவே பெட்டியில் வாட்டைத் தேடாமல், ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்) என்று குறிப்பிட்ட எண்ணைத் தேடுங்கள்.

மதுரை: நண்பர் கோயம்புத்தூர்க்காரருக்குப் பரிந்து கேட்கிறேன். என் செட்டில் 50 வாட் என்றுதான் போட்டிருக்கிறது, கூரையே அதிர்கிறது.

உங்கள் செட்டின் பின்புறத்தில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் இருக்கும். 10ஐ 14.4ஆல் பெருக்கினால் 144 வாட். செட் உள்ளே இழுக்கும் மின்சாரமே அவ்வளவுதான் என்றால், நான்கு வழியாக 200 வாட் வெளியே எப்படி வரும்? கூரை அதிர்வது ஸ்பீக்கரின் திறமை.

மதுரை: கணநேரம் கூடுதல் மின்சாரம் போனால் ஃபியூஸ் உடனே போய்விடாதே?

ஒப்புக்கொள்கிறேன், அது உண்மை. ஃபியூஸ் சிறிது நேரம் மிகைச்சுமையைத் தாங்கும், ஒரு முரசடிக்கு 50 வாட் உச்சம் தொடுவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்து ஒலிக்கும் பாட்டை ஓர் உச்சியை வைத்து அளக்க முடியாது. இந்த விவாதம் இத்தோடு நிற்கட்டும். ஸ்பீக்கர் பொருத்துவது பற்றிய கேள்விகள் காத்திருக்கின்றன.

தஞ்சாவூர்: அம்பாசிடரின் முன்கதவில் ஸ்பீக்கருக்குத் துளையே இல்லை. பின்புறத் தட்டில் 6×9 அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் வைத்தால் போதுமா?

முன்கதவில் வைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பாடகர் எதிரே நின்று பாடுவதாகத் தோன்ற வேண்டும். துளை போடும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்காத ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் எதிரெதிரானவை. கதவுத் தகட்டின் ஓட்டைகள் வழியே இரண்டும் கலந்தால் பாஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். ஆகையால் ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் (ஒட்டும் ரப்பர் தகட்டால்) மூடுங்கள். அடியில் உள்ள மழைநீர் வடிகாலை மட்டும் மூடிவிடாதீர்கள். முனைகளில் அடையாளம் அழிந்திருந்தால், செட்டிலிருந்து கழற்றிய நிலையில் 1.5 வோல்ட் சிறு பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: கூம்பு வெளிப்பக்கம் நகர்ந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே பாசிட்டிவ்.

ஈரோடு: ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி பக்கத்திலும் ஒன்று வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஆம்ப்பின் ஃபியூஸ் ஆம்ப்பைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் நான்கைந்து மீட்டர் ஒயரை அது காக்காது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு காரில் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் உராய்ந்து, தரைவிரிப்பு கருகியிருந்தது. உள்ளே குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததாகத் தகப்பனார் சொன்னபோது என் கை நடுங்கியது.

கரூர்: சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து ஆம்ப்புக்கு மின்சாரம் எடுக்கலாமா? ஹாரன் ஒயர்?

இரண்டும் கூடாது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், அருகிலேயே ஃபியூஸ். ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் அதே தடிமனில் குறைவாகவே கடத்தும்.

நாமக்கல்: லாரிக்கு இதே செட் பொருந்துமா?

லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். அதற்கான செட்டை லாரி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்காதீர்கள்.

வேலூர்: ஓட்டும்போதும் படம் தெரிய ஹேண்ட்பிரேக் ஒயரை எங்கே இணைப்பது?

சொல்ல மாட்டேன். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போது மட்டும் படம் தெரிய வேண்டும் என்ற அந்தத் தடை உங்கள் உயிருக்காக வைக்கப்பட்டது.

திருச்சி: எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து கீச்சொலியும் ஏறுகிறது.

எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஓசை எர்த் வழியே நுழைகிறது. ஆம்ப்பின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்குங்கள். பவர் ஒயரை ஒரு பக்கமும் செட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை மறுபக்கமும் கொண்டுபோங்கள்.

விருதுநகர்: பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லாமல் ஆறு மாதமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

ஈரோட்டவருக்கு எழுதியதைப் படித்துவிட்டு இன்றே நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

கடலூர்: செட்டும் ஆம்ப்பும் பொருத்திய மறுநாளே பேட்டரி இறங்கிவிட்டது.

செட் ஓடும்போது மட்டும் ஆம்ப்பை இயக்க, செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் போக வேண்டிய நீல–வெள்ளை ஒயரை யாரேனும் நிரந்தர மின்சாரத்தில் இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் ஆம்ப் இரவும் பகலும் விழித்தே இருக்கும். 1 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளில் 24 ஆம்பியர்–மணி போய்விடும், சிறிய காரின் பேட்டரியோ பெரும்பாலும் 35தான். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே அம்மீட்டரை வைத்து அளவெடுங்கள். சில பத்து மில்லிஆம்பியர் என்றால் கவலையில்லை. அதைவிட மிகுதியானால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது முள் இறங்குகிறதோ, குறை அந்தப் பாதையில் இருக்கிறது.