எட்டுப் போட்டால் போதுமா?

கேள்வி: லைசென்ஸ் வாங்கிய கையோடு ஸ்போர்ட்ஸ் பைக் கேட்கிறான் என் மகன். வயது 18. வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டியவன் மறுநாளே 1000 சிசி வண்டியில் ஏறலாம். நம் சட்டம் தடுப்பதில்லை. பிரிட்டனில் 17 வயதுக்கு 125 சிசிதான். 19 வயதில் 35 கிலோவாட் எஞ்சின் சக்தி வரை. பெரிய வண்டிக்கு மறுபடி தேர்வு.

பல ஆண்டுகள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். மழைக்குப் பின் மண் படிந்த வளைவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்த ஒரு மாணவன் கண்முன்னே சறுக்கினான். செருப்பு ஒருபக்கம், ஹெல்மெட் ஒருபக்கம். வார்ப்பட்டையை மாட்டவே இல்லை!

ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவன் எல்லாம் பொறுக்கி என்று ஊர் பேசுவது அநியாயம். பொறுப்பாக ஓட்டும் பிள்ளைகளை அறிவேன். முதலில் 125 சிசியில் இரண்டு மழைக்காலம் ஓட்டட்டும்.