மாதாவின் ஒளிவட்டத்தில் அரபு எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் ஜென்டிலே டா ஃபப்ரியானோ வரைந்த மூவரசர் ஆராதனை ஓவியத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதாவின் ஒளிவட்டத்துக்குள் அரபு எழுத்துகள்! குரான் வசனம்தான் என்று அடித்துச் சொல்கிறார் என் நண்பர். ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களே முஸ்லிம்களிடமிருந்து திருடியவை என்றும் ஒரு கட்டுரையை அனுப்பிவைத்தார். உண்மையா? அந்தக் காலத்தில் இரு மதத்தாரும் அவ்வளவு இணக்கமாகவா வாழ்ந்தார்கள்?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

வசனம் இல்லை. அரபு தெரிந்தவரிடம் காட்டுங்கள், உதட்டைப் பிதுக்குவார். எழுத்தின் சாயலில் போட்ட அலங்காரம் அது. கூஃபி என்பது கோணங்கள் நிறைந்த பழைய அரபு எழுத்து வடிவம்; அதைப்போல வரைவதால் ‘போலிக் கூஃபி’ என்று இதற்குப் பெயர். சூசையப்பரின் ஒளிவட்டத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். எழுத்து வரிசையை இடையிடையே ஒரு பூ பிரிக்கிறது அல்லவா? அன்று எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துப் பித்தளைத் தட்டுகளில் இருக்கும் அமைப்பு அது. ஓவியம் 1423இல் ஃபிளாரன்ஸில் வரைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிளாரன்ஸ் நகரம் வணிக உரிமை கேட்டுக் கெய்ரோவுக்குத் தூதர்களை அனுப்பியது. தட்டும் பட்டும் அந்நகரத்துப் பணக்காரர் வீடுகளுக்குப் புதிதல்ல. ஏசு பிறந்த நாட்டின் பழைய எழுத்து இதுதான் என்று ஓவியர்கள் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அப்படி நினைத்தது ஓவியர்கள் மட்டுமல்ல. பிரான்ஸில் ஆப்த் என்ற ஊரின் தேவாலயத்தில், மாதாவின் தாய் அன்னாவின் முக்காடு என்று ஒரு துணியை நூற்றாண்டுகளாக வணங்கிவந்தார்கள். அதில் நெய்திருக்கும் அரபு எழுத்து அசல். அன்று எகிப்தை ஆண்ட ஃபாத்திமித் மரபின் கலீஃபா அல் முஸ்தஅலியின் பெயர் அதில் இருக்கிறது. எகிப்தின் தமியாத்தாவில் 1096-97இல் நெய்த துணி. சிலுவைப்போருக்குப் போன யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஃபிளாரன்ஸ் அல்ல, சிசிலியின் பாலெர்மோ. 831 முதல் அரபுகளின் கையில் இருந்த அந்த நகரை 1072இல் வட பிரான்ஸிலிருந்து வந்த கிறிஸ்தவப் போர்வீரர்களான நார்மன்கள் பிடித்தார்கள். 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தன் அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் கட்டினார். சுவரில் கான்ஸ்டான்டிநோபிளின் பைசாந்தியப் பாணி மொசைக்கில் ஏசு. தலையைத் தூக்கினால், தேன்கூடு தலைகீழாகத் தொங்குவதுபோல அடுக்கடுக்கான முகர்னஸ் மரக்கூரை. அதன் ஒவ்வொரு குழியிலும் ஓவியம்: யாழ் மீட்டுகிறவர்கள், கோப்பை ஏந்திச் சம்மணமிட்டவர்கள், சதுரங்கம் ஆடும் இருவர். ஓரங்களில் கூஃபி எழுத்தில் நலம், வெற்றி, பரக்கத் (அருள்வளம்) என்று வாழ்த்துச் சொற்கள். இது போலி அல்ல, படிக்கலாம். கிறிஸ்தவ ராஜா, பூசை நடக்கும் கோயில், மேலே மதுக்கோப்பைகள்! அந்தக் காலத்துப் பாதிரியார் யாராவது அண்ணாந்து பார்த்து முணுமுணுத்திருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு.

ரோஜர் இதை யாரிடமும் திருடவில்லை. மத்தியதரைக் கடலில் அன்று ராஜா என்றால் கெய்ரோ ராஜாவைப்போலவும் கான்ஸ்டான்டிநோபிள் ராஜாவைப்போலவும் தோன்ற வேண்டும். அதற்கான கைகளைக் கூலி கொடுத்து அமர்த்தினார்.

கோதிக் விஷயத்திலும் உங்கள் நண்பர் பாதி சரி. கோதிக் கோயில்களின் அடையாளமான கூர்வளைவு, அதாவது உச்சி கூரான வளைவு, கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளிவாசலில் 879க்குள்ளேயே வந்துவிட்டது. பிரான்ஸின் க்ளூனி மடத்தார் அதைத் தங்கள் பெரிய கோயிலில் கையாளத் தொடங்கியது 1088க்குப் பிறகு. கோதிக்கின் வேர் சாராசனியருடையது, அதாவது முஸ்லிம்களுடையது என்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்கூட எழுதியிருக்கிறார். ஆனால் கூர்வளைவு மட்டும் கோதிக் ஆகிவிடாது. அதை விலா எலும்புபோன்ற கூரைச் சட்டங்களோடும் வெளியே நின்று தாங்கும் பறக்கும் முட்டுகளோடும் சேர்த்து, சுவரின் பாரத்தைக் குறைத்து, அந்த இடத்தில் கண்ணாடியை வைத்தது வட பிரான்ஸின் கொத்தர்கள். வாங்கியதும் உண்டு, கண்டுபிடித்ததும் உண்டு. ‘திருட்டு’ என்ற சொல் இரண்டையுமே மறைத்துவிடுகிறது.

இணக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாலெர்மோ கூரையைக் காட்டி இணக்கம் பேசுகிறவர்கள் அதற்குப் பிந்தைய கதையைச் சொல்வதில்லை. ரோஜரின் மகள் வயிற்றுப் பேரன் இரண்டாம் பிரெடரிக், அரபு அறிஞர்களோடு கடிதம் எழுதி வாதாடியவர். அவரேதான் 1220களில் சிசிலியின் முஸ்லிம்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து இத்தாலியின் லுசேராவில் கொண்டுபோய் வைத்தார். 1300இல் அந்த ஊரையும் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்றார் அப்போது தென் இத்தாலியை ஆண்ட, பிரெஞ்சு அஞ்சூ மரபின் அரசர் இரண்டாம் சார்லஸ்.

ரோஜருக்காக நெய்த சிவப்புப் பட்டு மேலங்கி ஒன்று இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கம், நடுவில் பேரீச்சை. கீழ்க்கரை முழுக்க அரபு வரி: அரசரின் பட்டறையில் செய்தது, ஹிஜ்ரி 528 (கி.பி. 1133-34) என்கிறது. புனித ரோமானியப் பேரரசர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுவரை இதைப் போர்த்திக்கொண்டுதான் முடிசூடினார்கள்.