மீன்பிடித் தடைக்காலத்தில் கடைக்கு வரும் மீன் எங்கிருந்து வருகிறது? அதை நம்பி வாங்கலாமா?

படகுகளே கடலுக்குப் போகாத மே மாதத்தில் கடையில் வஞ்சிரம் எப்படிக் கிடைக்கிறது, அது கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் போட்டுப் பதுக்கிய மீன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கடலுக்கு வெகு தொலைவில், சேலம், கோவை போன்ற ஊரில் நீங்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், தலையில் கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவரின் மகன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்தும் பாராமல் போக முடியவில்லை.

எல்லாப் படகுகளும் நிற்பதில்லை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்ட இந்தத் தடை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளையும் இழுவைப்படகுகளையும்தான் கட்டுப்படுத்துகிறது. வள்ளமும் கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையோரத்தில் மீன்பாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதால் மே மாதம் முழுவதும் அங்கிருந்து லாரிகள் வருகின்றன. ஆந்திரத்துக் குளங்களில் வளர்ந்த கட்லாவும் ரோகுவும் ஆண்டு முழுவதும் வருகின்றன.

ஃபார்மலின் வெறும் வதந்தி என்று நான் சொல்ல வரவில்லை. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தது உண்மை. ஆனால் அந்தச் செய்தி பரவிய வாரங்களில் அடி விழுந்தது என் அம்மாவைப் போன்றவர்கள்மேல். விடியற்காலையில் மாமாவின் வள்ளத்தில் வந்த சாளையையும் நெத்திலியையும் அவர் உச்சிப்பொழுதுக்குள் விற்றுவிடுவார். அப்படியிருந்தும், பல ஆண்டுகளாக அவரிடம் வாங்கிய வீடுகள் கதவைத் திறக்கவில்லை. ஈ மொய்க்கவில்லையே, மருந்து போட்டிருப்பாய் என்று ஒரு வீட்டில் கேட்டபோது அம்மா சொன்ன பதில் இது: “மருந்து போட்டு வைக்கிற அளவுக்கு எங்கிட்ட மீன் மிஞ்சுனா, நான் எதுக்குத் தாயி இந்த வெயிலுல கூடையத் தூக்கிட்டு அலையுதேன்?”

மீன் வாங்கும் அறிவு முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது என்பேன். தொலைதூரம் போக வேண்டிய, பல நாள் தாங்க வேண்டிய மீனில்தான், அதுவும் ஐஸ் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் வியாபாரியிடம்தான், ரசாயனத்துக்கு வேலை உண்டு. ஆகவே மீனின் அழகைப் பார்ப்பதற்கு முன்பு, எந்தக் கரையில் இறங்கியது, எந்தப் படகில் வந்தது, எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. அவை பிடித்த மீன், கரை சேர்ந்த அன்றே பழைய மீனாக இருக்கக்கூடும்.

ஐஸ் மீன் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் எனக்குப் புரியாதவர்கள். அயிலை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். குழம்பில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது, உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். ஈ வராததற்கும் பெரும்பாலும் ஐஸின் குளிர்தான் காரணம். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது, ஏனெனில் அதற்கும் சாயம் பூசுகிறார்கள். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே எழ வேண்டும். கடல் வாசம் இருக்க வேண்டும். எந்த வாசமும் இல்லாமல் ரப்பர் போல விறைத்த மீனை வாங்காதீர்கள். சந்தேகம் தீராவிட்டால், கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள், ஃபார்மலின் இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டிவிடும்.

கடற்கரையில் பிறந்தவன் தன் ஆட்களுக்குப் பரிந்து பேசுகிறான் என்று சிலர் சொல்வார்கள், பரிந்துதான் பேசுகிறேன். அன்று பிடித்த மீனை அன்றே வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் இந்தப் பெண்களை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். என் அம்மாவையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசை விலையில் சேர்த்தால், அதே ஊர்க்காரர்கள் பேரம் பேசுகிறார்கள். பக்கத்துக் கரையின் மீன் உள்ளூருக்குள் வர வழியில்லாமல் போனால், ஏலத்தில் எடுக்கும் லாரிக்காரருக்குத்தான் அது போய்ச் சேரும்.

இனி உங்கள் வஞ்சிரம். மே மாதத்தில் உங்கள் ஊரில் கிடைப்பது மேற்குக் கரையிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். உறையவைத்த மீன் என்று கடைக்காரரே சொல்லிக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். கேட்கக் கேட்க ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்பவராக இருந்தால், தொட்டியிலிருந்து உயிரோடு கட்லாவை எடுத்து வெட்டித் தரும் கடைக்குப் போய்விடுங்கள்.