அதிகம் பேர் கேட்காத பாட்டைத் தேடிப் பிடிப்பது: கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அண்ணா, கிட்டாரும் சின்தசைசரும் கலந்து மெதுவா போற பாட்டுதான் எனக்குப் பிடிக்கும். ஸ்பாட்டிஃபை அதே பத்துப் பேரையே திருப்பித் திருப்பித் தருது. எங்க தொடங்க?

பிடிச்ச ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கிட்டு, அதுக்குப் பின்னாடி யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. ஒரு உதாரணம். ஜெர்மனியில வைல்ஹைம் ஊர்க்காரங்க நாட்விஸ்ட் குழு. அதுல பாடுற மார்க்குஸ் ஆஹர், லாலி பூனாங்கிற இன்னொரு குழுவுலயும் இருந்தவர். லாலி பூனாவோட ஆல்பங்களை வெளியிட்டது மோர் மியூசிக், 1999-ல பெர்லின்ல தொடங்கின லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடுற நிறுவனம். அந்த லேபிள் பக்கத்தைத் திறந்தீங்கன்னா நீங்க கேக்குற அதே சாயல்ல ஒரு மாசத்துக்குக் கேக்கலாம். சின்ன லேபிள்னா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேரோட காதுதான் தேர்ந்தெடுக்குது. அதனால ஒரு ஆல்பம் பிடிச்சா அடுத்ததும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பேரெல்லாம் டிஸ்காக்ஸ்ங்கிற ஆல்பத் தகவல் தளத்துல கிடைக்கும். ஆல்பம் பக்கத்துல கீழ வாங்க, வாசிச்சவங்க, தயாரிச்சவங்க, மிக்ஸ் பண்ணவங்க பட்டியல் இருக்கும். தயாரிப்பாளரையும் விருந்தாளியா வாசிச்சவங்களையும் தொடுங்க. மாஸ்டரிங், அதாவது கடைசியா ஒலியை மெருகேத்துற வேலை பண்ணவர் பின்னாடி மட்டும் போகாதீங்க. அவர் மெட்டலும் பண்ணியிருப்பார், குழந்தைப் பாட்டும் பண்ணியிருப்பார்.

மார்த்தாண்டத்திலிருந்து: இசைக்கலைஞர்களே நேரடியா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் தளத்துல எலக்ட்ரானிக்னு தேடினா முடிவே இல்லாம வருது.

அது கடல்ல கரைச்ச பெருங்காயம்தான். ஃபோக்ட்ரானிகா, இண்டிட்ரானிகா, பெட்ரூம் பாப் மாதிரி குறுகின இசை வகைப் பேரை டேக்கா போடுங்க. பிடிச்ச ஆல்பம் கிடைச்சதும், வாங்கினவங்களோட சின்னச் சின்னப் படங்கள் அந்தப் பக்கத்துலயே இருக்கும். ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. உங்ககிட்ட இருக்கிற மூணு ஆல்பமாவது அவங்ககிட்டயும் இருந்தா அந்த ஆளைப் பின்தொடரலாம். ஆயிரக்கணக்குல வாங்கிக் குவிச்சவங்களை விட்டுடுங்க, அங்க ருசி தெரியாது.

மலையாளம் புரியும்னா இன்னும் சுலபம். திருவனந்தபுரத்து அவியல் குழுவோட 2008 ஆல்பத்துல தொடங்குங்க.

நாகர்கோவிலிலிருந்து: ரீல்ஸ்ல ஒரு பாட்டு, பாட்டைக் கண்டுபிடிக்கிற ஷாஸாம் ஆப் எத்தனை தடவை கேட்டும் தெரியலைங்குது.

வேகத்தைக் குறைச்சு எதிரொலி சேர்த்த வடிவமா இருக்கும். ஷாஸாம் ஒலியோட கைரேகையைத்தான் ஒப்பிடுது. சுருதியும் வேகமும் மாறினா ரேகையும் மாறிடும். அந்தத் துண்டை ஆடாசிட்டிங்கிற ஒலித்தொகுப்பு மென்பொருள்ல போட்டு, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாத்துற எஃபெக்ட்ல 18 சதவீதம் கூட்டிப் பாருங்க, கிடைக்கலன்னா 25. 0.85 மடங்காக் குறைச்சதுக்கு முதல் கணக்கு, 0.8-க்கு ரெண்டாவது. விஎல்சி பிளேயர்ல வேகத்தை மட்டும் கூட்டினா வேலைக்காகாது, அது சுருதியை மாறாம பிடிச்சு வச்சிடும். மேடையில நேரடியா பாடினதுன்னா இந்த வித்தையும் பலிக்காது. ரெண்டு வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுறதுதான் வழி.

தூத்தூரிலிருந்து: அண்ணாச்சி, ஆழ்கடலுக்குப் போனா திரும்ப நாப்பது நாள் ஆவும். டவுன்லோடு பண்ணின பாட்டு பாதியில பூட்டிக்கிது. போன் பழுதா?

போன்ல குத்தமில்ல. ஸ்பாட்டிஃபையில இறக்கினது 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தைத் தொடணும். சந்தா உயிரோட இருக்கான்னு அப்பதான் அதுக்குத் தெரியும். உங்களுக்குப் பூட்டில்லாத கோப்புதான் சரி. பேண்ட்கேம்ப்ல வாங்கினா எம்பி3, தரம் குறையாத ஃப்ளாக் எதுவா வேணும்னாலும் இறக்கிக்கலாம். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. 64 ஜிபி கார்டுல சுமார் 400 மணி நேரம் அடங்கும்.

கரையிலேயே மூணு விஷயம் பாத்துடுங்க. முழு ஆல்பம் ஜிப் கோப்பா வரும், பிரிக்காம விட்டா பிளேயர்ல ஒண்ணும் தெரியாது. படகு ஸ்டீரியோவுக்குப் பென்டிரைவ்னா ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணுங்க. பழைய செட்டு பலதும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, ஃப்ளாக்கையும் படிக்காது. அப்புறம், போனை ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு பாட்டு ஓடுதான்னு பாத்துட்டு ஏறுங்க.

குளச்சலிலிருந்து: வாங்கலாம்னா கார்டு செல்லமாட்டேங்குது.

2020-ல வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைச்சே வருது. பேங்க் ஆப்ல கார்டு அமைப்புக்குள்ள போய்த் திறந்து, சின்ன வரம்பு வச்சு, வாங்கினதும் மூடிடுங்க. சில வெள்ளிக்கிழமைகள்ல பேண்ட்கேம்ப் தன் பங்கை இசைக்கலைஞருக்கே விட்டுக்கொடுக்கும், மத்த நாள்ல டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் எடுக்கும். அந்த வெள்ளி அமெரிக்க மேற்குக்கரை நேரக் கணக்கு. நமக்கு மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்கும். காலையிலேயே வாங்கிட்டு ஏமாறாதீங்க.

ஆரல்வாய்மொழியிலிருந்து: நம்ம நாட்டுல பழைய எலக்ட்ரானிக் இசை ஏதாவது இருக்கா சார்?

இருக்கு, ரெண்டு போதும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல 1969-ல மூக் சின்தசைசர் வச்சு ஒரு ஸ்டுடியோ அமைச்சாங்க. அங்க 1972 வரைக்கும் பதிஞ்ச டேப்புகள் 2023-லதான் ஆல்பமா வெளிவந்தது. அடுத்து, இந்தி சினிமாவுக்கு வாசிச்ச சரண்ஜித் சிங் 1982-ல போட்ட ரெக்கார்டு. பத்து ராகத்தை ரோலண்ட் 808-ங்கிற தாள இயந்திரத்து மேல, 303-ங்கிற பேஸ் சின்தசைசரோட வாசிச்சிருக்கார். அப்ப விக்கல, 2010-ல மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது. போன் ஸ்பீக்கர்ல கேட்டா அந்த 303 காணாமப் போயிடும். பத்துல பைரவ் இருக்கிறதை முதல்ல போடுங்க, ஹெட்போன்ல.