இடிமழையில் விழுந்த விமானம்: அறிக்கை வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் அக்கா சென்ற சர்வதேச விமானம் இடிமழையில் கிளம்பி, ஓரிரு நிமிடத்தில் விழுந்தது. அக்கா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ‘இயற்கைச் சீற்றம், எங்கள் தவறில்லை’ என்கிறது நிறுவனம். ஒருவர்கூட வீட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை. விசாரணை அறிக்கை வரட்டும், விமானியின் தவறு வெளியானதும் வழக்குப் போடலாம் என்கிறார் அத்தான். இதற்கிடையே, ஒரு தொகை தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வீட்டுக்கு வராததற்கு வழக்கில் மதிப்பில்லை. நிறுவனத்தைத் தண்டிக்கும் வகையில் கூடுதல் தொகை கேட்கவும் சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இடம் தரவில்லை. கோபத்தை ஓரமாக வையுங்கள்.

மழையா, விமானியா என்பதும் உங்கள் தலைவலி அல்ல. நிரூபித்த இழப்பில் ஒரு வரம்பு வரை, யார் தவறென்ற பேச்சே கிடையாது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு; நாட்டுப் பணமாக மாற்றிக் கணக்கிடுவார்கள்). அதற்கு மேல் கேட்டால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்றோ, முழுத் தவறும் வேறொருவருடையது என்றோ நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். 1982இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே பான் ஆம் விமானம் கிளம்பியதும் மேகத்திலிருந்து கொட்டிய காற்றில் சிக்கி விழுந்தபோது, அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளின் திறன் குறைவு. இன்று விமானத்திலேயே எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. பத்து நிமிடம் தள்ளிக் கிளம்பியிருக்கலாமே என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

என் கவலை அத்தானின் பொறுமை பற்றித்தான். உடன்படிக்கையின் 35ஆம் பிரிவைப் பாருங்கள்: விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் ஆகாவிட்டால் உரிமையே போய்விடும். தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நம்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் நடக்காது. கடிதப் போக்குவரத்தும் பேச்சுவார்த்தையும் கடிகாரத்தை நிறுத்தாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இரண்டு மாதத்துக்கு ஒரு மின்னஞ்சல் வரும், குடும்பமும் நம்பிக்கொண்டிருக்கும். இறுதி அறிக்கையோ 2 வருடம் தாண்டியும் இழுக்கலாம். அது வந்தாலும், யாரையும் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமே அல்ல. உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஆறே மாதம். இந்த மாதமே தாக்கல் செய்யுங்கள், அப்புறம் அறிக்கை வரும்போது வரட்டும்.

அடுத்து அந்தக் கடிதம். அது முன்பணமா, முழுத் தீர்வா? முன்பணம் என்றால் வாங்கலாம். பின்னால் வரும் தொகையில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘நிறுவனம், விமானத் தயாரிப்பாளர், விமான நிலையம் உட்பட எவர் மீதும் இனிக் கோரிக்கை இல்லை’ என்ற வரி இருந்தால் பேனாவை மூடுங்கள். ஒரே கையெழுத்தில் எல்லாக் கதவும் சாத்தப்படும்.

மற்றபடி நான் சமரசத்துக்கே ஓட்டுப் போடுவேன். வரம்புத் தொகை தானாக வந்துவிடாது. அக்காவின் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, அவரை நம்பியிருந்தவர்கள் யார் யார் என்பதை வைத்துத்தான் கணக்கு. வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட வரும் தொகை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் அத்தானும் உங்கள் பெற்றோரும் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் பேசி முடிக்கட்டும். குழந்தைகள் இருந்தால், அவர்கள் பங்குக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதை முதலிலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.