புரியாதவரிடம் கையெழுத்தா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். ஊர் மன்னார்குடிப் பக்கம். வேற்றுக் கோள்களின் வளிமண்டலம், அங்கே உயிர் உண்டா என்கிற ஆராய்ச்சிதான் என் கனவு. இங்கிலாந்தில் வானுயிரியலில் ஓராண்டு முதுகலை இருக்கிறது. ஆறு மா நிலத்தை அடமானம் வைத்துச் சேரலாம் என்று அண்ணன் சொல்கிறான். அப்பாவுக்கு இதெல்லாம் சொன்னாலும் புரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். சேரலாமா? வேலை கிடைக்குமா?

பதில்: எல்லாம் சரி, ‘சொன்னாலும் புரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்’ என்று போகிற போக்கில் எழுதினாயே, அதற்கு ஊரில் என்ன பெயர்? அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்தால் அந்தப் பெயர் மாறிவிடுமா?

நீ படிக்கப்போவதில் பாதி, உயிர் இருப்பதற்கான அடையாளமாகத் தேடப்படும் மீத்தேன் வாயுதான். 124 ஒளியாண்டு தொலைவில் கே2-18பி கோளில் அது இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு 2023இல் காட்டியது. செவ்வாயில் உண்டு என்கிறது அங்கே இறங்கிய நாசா ஊர்தி கியூரியாசிட்டி. இல்லை என்கிறது சுற்றிவரும் ஐரோப்பியக் கலம். வயல் சேற்றில் கால் வைத்ததும் குமிழ் விடுகிறதே, அதுவும் மீத்தேன்தான். தண்ணீர் கட்டிய மண்ணில் பிராணவாயு போனதும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஆயுள் முழுக்க அதில் நின்றவருக்குப் புரியாது என்கிறாய். உனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடமானமே வேண்டாம். இந்தத் துறையில் பெரும்பாலும் பிஎச்.டி. படிப்பவருக்குத்தான் பணம் தருவார்கள். சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கேட், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகள் இரண்டையும் சேர்த்தே எழுது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமான பிஆர்எல்லையும், செவ்வாய்க்குப் போன மங்கள்யானின் வளிமண்டல ஆய்வுக் கருவியான மென்காவைச் செய்த திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தையும் பார். அமெரிக்காவிலும் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. கைக்காசைக் கரைப்பது இந்த ஓராண்டு முதுகலைதான்.

வேலை? வானுயிரியல் என்ற பெயரில் இங்கே பதவி தேடாதே. இயற்பியல், வளிமண்டல அறிவியல் துறைகளில்தான் இடம். அதனால் வளிமண்டலத்தை ஒளி எப்படிக் கடக்கிறது என்கிற கதிர்வீச்சுப் பரிமாற்றமும், அந்த ஒளியில் ஒவ்வொரு வாயுவும் விடும் கோடுகளைப் படிக்கிற மூலக்கூறு நிறமாலையும் கைவர வேண்டும், கூடவே பைத்தான் நிரலாக்கம். மங்கள்யானின் மீத்தேன் உணரி எங்கே சறுக்கியது? மீத்தேன் கோடுகளைக் கார்பன் டை ஆக்சைடு கோடுகளிலிருந்து பிரிக்க முடியாத இடத்தில். பிஎச்.டி. ஐந்தாறு வருடம், பிறகு போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆய்வுப் பணி இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வருடம். நிரந்தர வேலைக்குள் வயது முப்பத்தைந்தைத் தொடும். கல்யாணப் பேச்சு நடுவில் வரத்தான் செய்யும். அதையும் இந்தக் கணக்கோடு அப்பாவிடம் இப்போதே பேசு. பெற்றவரிடம் மறைத்துவிட்டு எந்தக் கோளுக்குப் போய் என்ன?

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் வயலுக்குக் கூடப் போ. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயில் புனல் செருகி, வரப்போரத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடி. அப்பா கீழே கம்பால் சேற்றைக் கிண்டட்டும். குமிழ் ஏறித் தண்ணீரை வெளியே தள்ளும். 1776இல் இத்தாலி ஏரியொன்றில் இயற்பியலாளர் வோல்டா இந்த வாயுவைப் பிடித்ததும் ஏறக்குறைய இப்படித்தான். இதைத்தான் தேடப்போகிறேன் அப்பா என்று காட்டு. அடுத்த கேள்வியை அவரே கேட்பார். பத்திரம் பீரோவிலேயே கிடக்கட்டும்.