அமோனியா சேர்த்த ரப்பர் பால் ஏன் உறையவில்லை?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் சிறு ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "மழை மிரட்டிய நாளில், வெட்டிய பால் கெட்டுவிடக் கூடாதென்று கொஞ்சம் அமோனியா சேர்த்தேன். மாலையில் உறைய வைப்பதற்காக வழக்கமான அளவு ஃபார்மிக் ஆசிட் ஊற்றி டிஷ்ஷில் (பால் உறைய வைக்கும் தட்டில்) வைத்தேன். காலையில் கொழகொழவென்று கிடக்கிறது. ஆசிட்டில் கலப்படமா?"

ஆசிட்டின் மேல் பழி போடாதீர்கள். அதை அமோனியா விழுங்கிவிட்டது.

மரத்திலிருந்து இறங்கும் பாலின் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 7-க்குச் சற்றுக் கீழே இருக்கும். அதில் மிதக்கும் ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை அழிக்கின்றன. பிஎச் 5-ஐ நெருங்கும்போது தள்ளும் வலு போய், துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சிரட்டையில் மிஞ்சிய பால் தானாகவே உறைந்து ஒட்டுப்பால் ஆவதும் இப்படித்தான். அங்கே அமிலத்தை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள்.

அமோனியா காரம். பாக்டீரியாவை அடக்கும், பிஎச்சையும் மேலே தூக்கிவிடும். நீங்கள் ஊற்றிய ஆசிட் முதலில் அதைச் சமன்செய்யத்தான் செலவாகும். மிச்சம்தான் பாலை உறைய வைக்கும். 1 கிராம் அமோனியாவுக்கு ஏறத்தாழ 2.7 கிராம் ஃபார்மிக் அமிலம் போய்விடும். 5 கிராம் அமோனியா கலந்திருந்தால், கடையில் கிடைக்கும் 85 சதவீத ஆசிட்டில் சுமார் 13 மில்லி கூடுதலாக வேண்டும். (முசுறு எறும்பு பீய்ச்சுவதும் இதே அமிலம்தான். மாமரம் ஏறியவர்களுக்குத் தெரியும்.)

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவும் வேண்டாம். ஆசிட் மிஞ்சினால் உறைந்த கட்டி இறுகி, உருளையில் கொடுத்து ஷீட் (தகடு) அடிப்பது பெரும்பாடாகிவிடும். லிட்மஸ் தாள் அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும். நிற அட்டையோடு வரும் பிஎச் தாள் வாங்குங்கள். நீர்த்த ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, 5 வந்ததும் நிறுத்துங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றி நிற்கும் நீரைப் பாருங்கள்: தெளிவாக இருந்தால் அளவு சரி, வெள்ளையாக இருந்தால் ஆசிட் போதவில்லை.

நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.